அண்ணாவுக்கு வைட்டமின் பார்சல் வராத காரணம்

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறேன். அதற்கான விளக்கமும், நான் அனுப்புவதாகச் சொன்ன பார்சல் ஏன் வரவில்லை என்பதும் கீழே.

உங்களுக்குப் பார்க்கின்சன் என்று அண்ணி போனில் சொன்ன அன்றே நான் களத்தில் இறங்கிவிட்டேன். மற்றவர்கள் உங்களைப் பார்க்க பஸ் ஏறினார்கள். நான் பத்திரிகை வாங்கினேன். அதில் ஓர் ஆராய்ச்சிச் செய்தி. வைட்டமின் சி, ஈ நிறைந்த உணவைச் சாப்பிட்டு வந்தவர்களிடையே இந்த நோய் குறைவாம், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாமாம். அந்த ‘இருக்கலாம்’ மட்டும் என் கண்ணில் படவில்லை. மருந்துக்கடைக்கு ஓடி, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதியிருந்த டப்பாக்களை எல்லாம் அள்ளினேன். “உள்ள பிடிச்ச துரு மொத்தமும் போயிடும் சார்” என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். இதற்கு முன் அவர் பெயின்ட் கடை வைத்திருந்தவர்.

அப்படியே அனுப்பித் தொலைத்திருக்கலாம். ஆனால் பிஸ்கட் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். தின்று பார்க்காமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே விட்டதில்லை. அந்தப் பழக்கதோஷத்தில் உங்கள் மாத்திரைகளையும் நானே போட்டுப் பார்த்தேன். சி போட்டதும் வயிற்றைக் கலக்கி, குளியலறையே கதி என்றாகிவிட்டது. ஈ விழுங்குவதா, தடவுவதா என்று சந்தேகம் வந்து இரண்டையும் செய்ததில், தலையணையைப் பிழிந்தால் அப்பளம் பொரிக்கலாம் என்கிற நிலை. உங்கள் தம்பி மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அடுத்து பீட்டா கரோட்டின். மூன்று வேளையும் கேரட் சாறு. முதலில் உள்ளங்கை மஞ்சளாயிற்று, பிறகு மூக்கு. பக்கத்து வீட்டுக்காரர் காமாலை என்று பயந்து, பேசுவதற்கே மாடிக்குப் போய் நின்றுகொண்டார். கடைசியில் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“காமாலைன்னா கண்ணும் மஞ்சளாகும். உங்க கண்ணு வெள்ளையா இருக்கு. கேரட்டை நிறுத்துங்க, தானா சரியாயிடும். யாருக்காக இந்தக் கூத்து?” என்றார் டாக்டர்.

“எங்க அண்ணாவுக்காக” என்றேன் பெருமையாக. பார்க்கின்சன், பத்திரிகையில் படித்தது எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“அவருக்குத்தான் நோய் வந்தாச்சே! நீங்க படிச்சது, நோய் வராதப்ப என்ன சாப்பிட்டாங்கன்னு பார்த்த ஆராய்ச்சி. அதுலயும் தொடர்புதான் தெரிஞ்சுது, அதனாலதான் வரலைன்னு யாரும் சொல்லலை. நோய் வந்தவங்களுக்கு ஈ மாத்திரை குடுத்தும் பார்த்தாங்க, பிரயோஜனம் இல்லை. அவருக்கு வேண்டியது நேரத்துக்கு மருந்து, தினமும் நடை. கூட நடக்க ஆள் இருக்கா?”

நான் சட்டைப் பொத்தானை மிகவும் கவனமாகப் போட ஆரம்பித்தேன்.

“இவர் பார்சல்தான் போடுவார் டாக்டர், போகமாட்டார்” என்று மனைவி என் மானத்தை வாங்கினாள்.

அவளுக்கு என்ன தெரியும் அண்ணா? எனக்கு முழங்கால் வலி, பஸ் ஏறினால் தலைசுற்றல், சமையலறைக் குழாய் வேறு ஒழுகுகிறது, அதை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? சரி, உங்களிடம் என்ன மறைக்க. எனக்கு மீசை அரும்பியபோது முதல் சவரம் செய்துவிட்டது உங்கள் கை. ஒரு கீறல் விழவில்லை. அந்தக் கை டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அழுது தொலைத்துவிடுவேன், அப்புறம் நீங்கள்தான் எனக்குச் சமாதானம் சொல்லவேண்டியிருக்கும்.

ஆகவே இப்போதைக்கு நேரில் வருவதாக இல்லை. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள். அண்ணிக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தைத் தவிர வேறு சிந்தனையே இல்லாத
தம்பி

பி.கு.: மேலே எழுதியதில் நமஸ்காரத்தைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். இதைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டவன், பஸ்ஸில் ஏறிவிட்டேன். இந்த வரிகளை உங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை ஜன்னல் வழியாக அண்ணியிடம் கொடுக்கிறேன். கதவைத் திறக்க அவர் வரவேண்டாம், நீங்களே வாருங்கள். அவசரமே இல்லை, எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள், தெருமுனைவரை போய்வரலாம்.