மூப்பருக்கு அடித்த மணி

கோயில் மணியை நன்றாக அடிக்கத் தெரிந்தவன் பேசாமல் அடித்துவிட்டுப் போவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் மற்றவர்களுக்குப் பழக்க வெளிக்கிடுவான். நான் இரண்டாவது சாதி. முல்லைத்தீவுக் கரையோரத்தில் உள்ள எங்கள் ஊரில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், உயிரோடு இருந்த ஒரு மனுசனை நான் சாகடித்தேன். ஆயுதம், மாதா கோயில் மணி.

வழக்கமாக மணி அடிக்கிறவர் மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். பெருநாள் நெருங்கியது. பூசை முடிவில் பங்குச் சுவாமி, மணி அடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் உண்டோ என்று கேட்டார். முன்வரிசையில் கோயில் மூப்பர் ஞானப்பிரகாசம் இருந்தார். அவருடைய மகள் ஜெனிற்றாவும் நானும் விரும்பியிருந்தோம். அவரோ என்னை ஒரு பொறுப்பில்லாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பார்க்கட்டும் என்று எழும்பி, எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் பழக்குவேன் என்றேன். (மன்னாரில் விடுதியில் படித்தபோது இரண்டு வருசம் மணி அடித்தவன்தான். சாப்பாட்டு மணி. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு.)

இடையில் மூப்பருக்கு நெஞ்சு நோவு வந்து ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதான் விடுகைத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டார் பெண் கேட்டுப் போவதாக ஏற்பாடு. நடுவில் இருந்த அந்தச் சனிக்கிழமையில்தான் என் வகுப்பு.

மாணவர்கள் மூன்று பேர். உழவு மெசின் ஓடும் தேவராசா அண்ணை மணிக்கயிற்றைத் தொட்டதே இல்லை. ஓய்வுபெற்ற பிலோமினா ரீச்சர் ஆத்திர அவசரத்துக்குத் திருந்தாதி மணி அடித்தவர். அதாவது, மூன்று மூன்றாக அடிக்கும் செப மணி. கரைவலை இழுத்து உரமேறிய சவிரி அண்ணை பெருநாள் மணியில் புலி. தரத்துக்கேற்ற பாடம் என்று நான் ஒரு கொப்பியில் திட்டமே எழுதியிருந்தேன்.

முதலில் தேவராசா அண்ணை. "ஒருக்கா இழுங்கோ. மணி ஆடி ஓயட்டும். பத்து எண்ணிப்போட்டு அடுத்தது."

டாண். நீண்ட அமைதி. டாண். மனுசன் பயத்தில் பத்துக்குப் பதிலாக இருபது எண்ணினார். என்ன நிதானம் என்று நான் மெச்சினேன்.

பிலோமினா ரீச்சர் கையை உயர்த்தினார். "தம்பி, இது..."

"கேள்வியெல்லாம் கடைசியில ரீச்சர். வகுப்பு நடக்கேக்க குறுக்க கதைக்கப்படாது."

முப்பது வருசம் அவரே சொன்ன வசனம். கையை இறக்கிவிட்டார்.

அடுத்தது அவர் முறை. முதல் மூன்றை மட்டும் அடிக்கச் சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே அடித்தார். கடைசியாகச் சவிரி அண்ணை. கயிறு அவர் கைக்குப் போனதும் மணிக்கூண்டில் இருந்த புறாக்கள் எல்லாம் கொக்கிளாய்ப் பக்கம் பறந்தன. கடகடவென்று பெருநாள் மணி. எனக்குப் புல்லரித்தது.

"இப்ப கேளுங்கோ ரீச்சர்," என்றேன், பெருந்தன்மையாக.

"கேள்வி இல்லை தம்பி. தேவராசா அடிச்சது சாவு மணி. பிறகு நான் அடிச்ச மூண்டு, செத்தது ஆம்பிளை எண்டு. சவிரி அடிச்சது, அதால ஊருக்குப் பெரிய சந்தோசம் எண்டு."

(இந்தக் கணக்கெல்லாம் எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் வாத்தியாராகும்போது மனிதனுக்கு முதலில் மறப்பது தெரிந்த விசயம்தான்.)

கைபேசி அடித்தது. ஜெனிற்றா. "அப்பா ஆர் செத்ததெண்டு கேக்கிறார். முற்றத்தில நிக்கிற சனம் அவர்தான் எண்டுதுகள். நான் என்ன சொல்ல?"

ஓடினேன். மூப்பர் வீட்டு வாசல் படலையில் ஒருவர் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார். கடலுக்கு வெளிக்கிட்டவர்கள் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒப்பாரியோடு உள்ளே போன அயல்வீட்டு மனுசி, பிணம் கதிரையில் இருந்து புட்டுச் சாப்பிடுவதைக் கண்டு, தொடங்கிய அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பாரிசில் இருக்கும் மூப்பரின் தம்பி அதற்குள் முகநூலில் கண்ணீர் அஞ்சலியே போட்டுவிட்டார்.

மூப்பர் கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாவு மணி அடிச்சனீர். சரி, பிழை ஆருக்கும் வரும். அதுக்குப் பிறகு பெருநாள் மணி அடிச்சனீரே, அதுக்கு ஒரு விளக்கம் சொல்லும் பாப்பம்."

கையில் இருந்த கொப்பியைத் திறந்து காட்டினேன். அதில் எல்லாம் திட்டப்படிதான் இருந்தது.

அடுத்த நாள் என் வீட்டார் செத்தவீட்டுக்குப் போகிற முகத்தோடுதான் பெண் கேட்கப் போனார்கள். மூப்பர் மூக்குக் கண்ணாடியோடு மகளின் கைபேசியில் தன் அஞ்சலிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருசமாய் என்னோட கதைக்காதவன், தங்கமான மனுசன் எண்டு எழுதியிருக்கிறான். உண்மையாச் செத்திருந்தா இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பெடியனுக்குக் குடுக்கிறன். ஒரு கண்டிசன். நான் மெய்யாப் போற அண்டைக்கு இவர் கோயில் பக்கம் வரப்படாது."

வகுப்பு அதோடு கலைந்தது. இன்று மணி அடிப்பதும் பழக்குவதும் பிலோமினா ரீச்சர். அவருடைய வகுப்பில் கேள்விகள் முதலில். மூப்பர் எங்களோடுதான் இருக்கிறார், எண்பதைத் தாண்டி, கல்லுப்போல. விடிய எழும்பியதும் அறைக்குள் இருந்தே கேட்பார்:

"மருமோன், எனக்கு மணி அடிச்சாச்சோ?"

"இன்னும் இல்லை மாமா."

"அப்ப தேத்தண்ணியைக் கொண்டு வாரும்."