டம்மி அம்மணி பாஸ் போட்ட பொய்

வருகிற சனிக்கிழமை, யார் தலைகீழாக நின்றாலும் பீரோ தூக்குவதில்லை என்று டெஸ்ட்டர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியது குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. அந்த வீட்டில் அவர் சத்தமாக முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

பீரோ மச்சானுடையது. மனைவி அம்மணியின் தம்பி வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "மாமா இருக்காரே, அப்புறம் எதுக்கு கூலிக்கு ஆள்?" என்று சொல்லிவிட்டான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அதே சனிக்கிழமை காலையில் குடியிருப்பின் இரட்டையர் பேட்மின்டன் இறுதி ஆட்டம். டெஸ்ட்டரும் கீழ்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு அணி. முதல் சுற்றில் எதிரணி வரவே இல்லை. அரையிறுதியில் எதிரே நின்றவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. இப்படி ஒரு அடிகூட உருப்படியாக அடிக்காமல் இறுதி ஆட்டம்வரை வந்து சேர்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஒரு சோப்பு டப்பாகூட வாங்கியிராத மனிதர் டெஸ்ட்டர். இந்தக் கப்பை ஹால் அலமாரியில் எந்த மூலையில் வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். குறுக்கே பீரோ வந்து நின்றது.

அவர் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட்டுகள் என்ற குட்டிப் புரோகிராம்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் உண்டு. பழைய ஃபைல்களைக் கூட்டிப் பெருக்கும், பில்களைப் பிரித்து அனுப்பும். அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் இவர் வேலை. இவருடைய ஸ்கிரிப்ட் விடாமல் கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால் பச்சை, உளறினால் சிவப்பு. வீட்டில் இதைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. 'டெஸ்ட்டராமே' என்று கேள்விப்பட்ட எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை ஃப்யூஸ் போனபோது வந்து கூப்பிட்டார். இவரும் கௌரவம் பார்த்துப் போய், ஷாக் அடித்துத் திரும்பினார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிஜ சர்வரைத் தொட பயமாக இருந்தால், அதைப் போலவே பேசுகிற ஒரு டம்மியைச் செய்து, அதனிடம் சோதித்துப் பார்ப்பார்கள். நிஜத்தைத் தொட பயம் என்றால் டம்மி! வியாழக்கிழமை காலை ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே இதை நினைத்தவருக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது.

மத்தியானத்துக்குள் டம்மி அம்மணி தயார். ஒரு ஸ்கிரிப்ட்டில் பொய்: "சனிக்கிழமை ஆபீஸில் சர்வர் மாற்றுகிறார்கள், நான் இருந்தே ஆக வேண்டும்." இன்னொரு ஸ்கிரிப்ட் அம்மணி. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட கேள்விகள் அத்தனையும் அதற்குள் ஏறின. யார் சொன்னது? வேற ஆளே இல்லையா? போன தடவையும் இதையேதானே சொன்னீங்க? உங்க அக்கா வீடு மாறினப்போ மட்டும் லீவு எப்படிக் கிடைச்சுது? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப நேரம் சிவப்பிலேயே நின்று அவரை வியர்க்க வைத்தது. சாயங்காலம் அதுவும் பச்சையானபோது மேஜையைத் தட்டி எழுந்தார். பக்கத்து சீட்டுக்காரர் கம்பெனிக்குப் பெரிய லாபம் என்று நினைத்துக் கைகொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணாடிக் கடையில் நுழைந்து விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, கம்ப்யூட்டர் பச்சை காட்டினா அண்ணி விட்டுடுவாங்களா?"

"அம்பது கேள்விய்யா! வரிசையா கேட்டாச்சு, தலைகீழா கேட்டாச்சு, குலுக்கிப் போட்டும் கேட்டாச்சு. ஒண்ணுல கூட மாட்டல."

"அழுதாங்கன்னா?"

"அதுக்கும் பதில் இருக்கு."

"உங்க ஆபீசுக்கே போன் போட்டா?"

"லைன் பிஸின்னு வரும்."

"கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா?"

"அது பிரச்சினை இல்லய்யா, லீவு!"

கண்ணாடிக் கடைக்காரர் மெய்மறந்துபோனார். தன் மனைவிக்கும் இப்படி ஒரு டம்மி கிடைக்குமா என்று விசாரித்தார்.

வீட்டில் அம்மணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். டெஸ்ட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை எடுத்துவிட்டார்.

"சனிக்கிழமை ஆபீஸ்ல சர்வர் மாத்தறாங்க. நான் இருந்தே ஆகணுமாம்."

அம்மணி ஒரு துண்டை உதறினார்.

"சரிங்க."

டெஸ்ட்டர் காத்திருந்தார். துண்டு நாலாக மடிந்தது.

"சரின்னா?"

"சரின்னா சரி. போயிட்டு வாங்க."

"யார் சொன்னதுன்னு நீ கேக்கலையே?"

"உங்க மேனேஜர்தான் சொல்லியிருப்பார்."

"வேற ஆளே இல்லையான்னு..."

"இருந்தா உங்களைக் கூப்பிடுவாங்களா?"

டெஸ்ட்டர் நேராக அடுத்த அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். டம்மி அம்மணி 'சரி' என்று சொல்வதுபோல் ஒரு வரி சேர்த்து ஓட்டிப் பார்த்தார். பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. பொய் பாட்டுக்கு அடுத்த கேள்வியை எதிர்பார்த்துத் திரையில் மினுக்கிக்கொண்டே நின்றது. ஐம்பது கேள்விக்குப் பதில் தெரிந்த ஸ்கிரிப்ட்டுக்கு, கேள்வியே வராவிட்டால் எப்படி முடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுதியவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எடுத்த எடுப்பில் 'சரி' வந்ததே இல்லையே, அப்புறம் யார் அதற்கெல்லாம் சோதனை எழுதுவார்கள்?

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். அம்மணி அவருடைய சட்டையைத் தானே எடுத்து இஸ்திரி போட்டார். "சனிக்கிழமையும் வேலை, பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' டெஸ்ட்டரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தம் தாங்காமல், கேட்காத விவரங்களை எல்லாம் சொன்னார். பழைய சர்வர் எவ்வளவு சூடாகும், புது சர்வர் என்ன கலர், அதைத் தூக்கிக்கொண்டு வரும் வண்டியின் டிரைவருக்கு முதுகுவலி. எல்லாவற்றுக்கும் அம்மணி "அப்படியா, சரிங்க" என்றார்.

சனிக்கிழமை காலை வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார் டெஸ்ட்டர். அம்மணி பையை எடுத்து நீட்டினார்.

"ஷூவைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சர்வர் ரூம்ல தரை வழுக்கும்."

"சரிங்க."

"டீ-ஷர்ட் கூட... அங்க ஏசி வேலை செய்யல."

"சரிங்க."

டெஸ்ட்டரின் பொறுமை அறுந்தது. "ஏம்மா, பையில ராக்கெட் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா நீ?"

"எந்த ராக்கெட்?"

பையின் ஜிப் கழுத்துவரை மூடியிருந்தது. டெஸ்ட்டர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பீரோ, கப், சர்வர் எல்லாம் மடமடவென்று வெளியே வந்தன. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. டம்மி அம்மணியைக்கூடச் சொல்லிவிட்டார்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கேங்க தெரியும்? இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும்." அம்மணி ஒரு துணி ஆலையில், ஊழியர்களுக்கு லீவு அனுமதி கொடுக்கிற நாற்காலியில் உட்காருகிறவர். "லீவு கேட்டு வர்றவங்ககிட்ட நான் கேள்வியே கேக்க மாட்டேன். சரின்னு சொல்லிட்டு சும்மா இருப்பேன். நிஜம்னா தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிடுவாங்க. பொய்யின்னா போகவே மாட்டாங்க, நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நீங்க வியாழக்கிழமையிலேருந்து நிக்கறீங்க."

டெஸ்ட்டர் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அது சரி, அந்த டம்மி என்ன கேக்கும்?"

"அதெல்லாம் இப்போ எதுக்கும்மா... அக்கா வீடு மாறினப்போ லீவு எப்படிக் கிடைச்சுதுன்னு..."

"அட, நல்ல கேள்வியா இருக்கே! எப்படிக் கிடைச்சுது?"

பச்சை வாங்கிய பதில் கைவசம் இருந்தது. வாயில்தான் வரவில்லை.

"தம்பி காத்துக்கிட்டிருப்பான், கிளம்புங்க," என்றார் அம்மணி. "நிஜத்தை மொதல்லயே சொல்லியிருந்தா, அவன்கிட்ட பேசி மத்தியானத்துக்கு மாத்தியிருப்பேன்."

"கண்ணாடிக்காரர் தனியா நிப்பாரேம்மா."

"அதை நான் பாத்துக்கறேன். பையை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு போன் செய்வாள் என்று நினைத்துக்கொண்டு டெஸ்ட்டர் கிளம்பினார்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, திருப்பத்தில், பீரோ சுவரோடு சிக்கிக்கொண்டு நின்றபோது அவர் டீ-ஷர்ட் பையில் போன் அடித்தது. மேல்படியில் நின்ற மச்சான் பீரோவுக்கு மேலாக எட்டி அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான்.

"அண்ணே! கப் நமக்குத்தான்!"

"என்னய்யா உளர்றே? நான் பீரோவுக்கு அடியில இருக்கேன். யார் ஆடினது?"

"அண்ணிதான்! வீட்டு நம்பர்லதானே பேர் குடுத்திருக்கோம், அந்த வீட்டு ஆள் யார் ஆடினாலும் செல்லும்னு அவங்களே கமிட்டியில பேசிட்டாங்க. அடிச்சாங்க பாருங்க ஒவ்வொண்ணும்! எதிர்ல நின்னவங்க பந்தைத் தேடவே நேரம் சரியாப் போச்சு. காலேஜ் டீம் கேப்டனாமே, சொல்லவே இல்லையே நீங்க?"

டெஸ்ட்டர் பீரோவின் ஓரமாகத் தலையை நீட்டி மச்சானைப் பார்த்தார்.

"ஆமா மாமா, மூணு வருஷம் கேப்டன். நீங்க அக்காகிட்ட கேட்டதே இல்லையா?"

போனில் கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் ஃபைனல் அன்னிக்கும் எங்கயாவது பீரோ இருக்குமா?"