இணைப்பைத் துண்டிக்க ஒரு வழி

"சார், இணைப்பைத் துண்டிக்கணும்னு சொன்னீங்கல்ல? அதனால உங்களுக்கு ஸ்பானிஷ் மொழி விளையாட்டுச் சேனல் நாலு இலவசமா சேர்த்துட்டோம்" என்றாள் வாடிக்கையாளர் சேவை லாவண்யா.

அழகேசன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்தார். சென்னையில், பாடி என்ற இடத்தில், ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் அவர். நூற்றிருபது பேரைக் கட்டி மேய்க்கிறவர். நாற்பத்திரண்டு நாடுகளில் கேபிள் டிவியும் பிராட்பேண்டும் விற்கிற யூனிவோரா கம்பெனியிடமிருந்து மட்டும் மூன்று வாரமாக மீள முடியவில்லை.

பட்டாபிராமில் அவர் ஃபிளாட்டுக்கு வரும் நெட், ஒரு நாளைக்குப் பத்து தடவை போய்விடும். மனைவி ராஜகுமாரி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். 'அ'வில் ஆரம்பித்தால் 'இ' வருவதற்குள் அவள் முகம் திரையில் உறைந்து நிற்கும். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்வதாகப் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லிவிட்டார்கள். வேறு கம்பெனியைக் கேட்டால், "அந்த அட்ரஸ்ல பழைய லைன் இருக்கற வரைக்கும் புதுசு தர முடியாது சார்" என்கிறார்கள்.

முதல் தடவை துண்டிக்கச் சொன்னபோது யூனிவோரா வேகத்தை இரட்டிப்பாக்கியது. நெட் இரண்டு மடங்கு வேகமாகக் கட்டானது. இரண்டாம் தடவை இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இப்போது ஸ்பானிஷ்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. கட் பண்ணுங்க, போதும்."

"காரணம் தெரிஞ்சுக்கலாமா சார்? வீடு மாறறீங்களா?"

"இல்லை."

"வெளிநாடு போறீங்களா? அங்கேயும் நாங்க இருக்கோம் சார்."

"எங்கேயும் போகலைம்மா!"

"அப்ப பட்டியல்ல மிச்சம் இருக்கற காரணம் ஒண்ணுதான் சார். வாடிக்கையாளர் மரணம்."

அழகேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். கேன்டீனில் யாரும் கவனிக்கவில்லை.

"ஆமா, அதேதான். அழகேசன் செத்துட்டாரு."

"ஆழ்ந்த இரங்கல் சார். சரிபார்க்கறதுக்காக அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேச முடியுமா?"

"செத்துட்டாரும்மா!"

"ஓகே சார். நீங்க யாரு?"

"தம்பி. மோகன்." வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார்.

"மோகன் சார், இன்னிக்கே ஆள் அனுப்பறோம். உங்க துக்கத்துல யூனிவோரா குடும்பமும் பங்கெடுத்துக்குது."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அழகேசன் விசிலடித்தார். கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். திரும்பும்போது பஸ் நெரிசலில் அதை எடுத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருமுனை திரும்பினால், ஃபிளாட் வாசலில் ஷாமியானா. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கம்பத்தில் 'கண்ணீர் அஞ்சலி' பேனர். அதில் பொங்கல் விழாச் சாக்கு ஓட்டத்தில் அவர் குப்புற விழும்போது எடுத்த படம். வேனிலிருந்து ஐஸ் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே, அழகேசன் ஊடு எது?" என்றார் ஐஸ் பெட்டிக்காரர்.

"நான்தான் அழகேசன்."

"சாவு ஊட்ல தமாஷ் பண்ணாத நைனா. பாடி எங்க கீது?"

"பாடியிலேருந்துதான்யா வரேன்!"

ஐஸ் பெட்டிக்காரர் கையிலிருந்து பெட்டி நழுவி அவர் கால்மேலேயே விழுந்தது.

நடந்தது இதுதான். யூனிவோரா தன் இரங்கல் செய்தியை, அழகேசன் அவசரத் தொடர்புக்காகக் கொடுத்திருந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டது. அது குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜானகிராமனின் எண். அவர் அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, காரியங்களைத் தொடங்கிவிட்டார்.

நெட்டுக்காக நெமிலிச்சேரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ராஜகுமாரி, ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். புருஷனை உயிரோடு பார்த்ததும் கட்டிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையாலேயே நாலு போட்டாள்.

ஜானகிராமனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் ரோஜா மாலையோடு நின்றிருந்தார்.

"படிச்ச மனுஷனா சார் நீங்க? ஒரு கேபிள் கனெக்‌ஷனுக்காக யாராவது செத்துட்டேன்னு சொல்லுவாங்களா? என் வயசுக்கு இப்படி ஒரு பொய்யைக் கேட்டதே இல்லை. தூ!"

அழகேசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார் யூனிவோரா டெக்னீஷியன் யூசுப். கையில் ஒரு டேப்லெட்.

"டெத் கேஸு இங்கதானே?"

"நான்தாம்பா செத்தது" என்றார் அழகேசன். "லைனைக் கழட்டிக்கினு போயிடு."

யூசுப் கொஞ்சமும் அசரவில்லை. "செத்தா லைன் கட்டாவாது சார். வாரிசு பேருக்கு மாறும். மேடம் பேர்ல புச்சா மூணு வருஷ ஒப்பந்தம் ஏறிச்சு."

ராஜகுமாரி மறுபடியும் கைப்பையைத் தூக்கினாள்.

"ஐயோ வேணாம்! நான் உயிரோடயே இருந்துக்கறேன்!" என்று அலறினார் அழகேசன்.

"அதுக்கும் ஒரு ஃபாரம் கீது சார். நீ உசுரோடதான் கீறன்னு இதே பில்டிங் கஸ்டமர் ஒருத்தர் சாட்சி கையெழுத்துப் போடணும்."

கூட்டம் ஜானகிராமனைப் பார்த்தது. அவர் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் போடறேன். இவர் செஞ்சது மன்னிக்க முடியாத தப்பு. ஆனா உண்மைக்குச் சாட்சி சொல்ல இந்த ஜானகிராமன் என்னிக்கும் தயங்கினதில்லை. எழுதிக்கப்பா. பி பிளாக், நாலாம் நம்பர்."

யூசுப் டேப்லெட்டில் தட்டினார். திரையைப் பார்த்தார். ஜானகிராமனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"நீங்க போட முடியாது சார். போன ஆடி மாசமே நீங்க செத்துட்டதா உங்க தம்பி போன் பண்ணிக்கீறாரு."