மாப்பிள்ளை மாற்றிய செட்டிங்ஸ்

மாமனாரின் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை அணைத்துவிட்டுப் போன ஃபைல் தேடும் வசதி, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஆன் ஆகியிருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொல்லித்தான் இந்த வீட்டில் பெண் எடுத்தார்கள். கம்பெனி கம்ப்யூட்டர் கம்பெனிதான். இவர் வேலை மட்டும் கிடங்கில், ஒட்டிய பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்புவது. ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தது கிடையாது.

நேற்றுதான் கடைக்காரர் மாமனாரின் கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமிக்கிற புது எஸ்.எஸ்.டி. டிரைவ் மாட்டி, ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த டிரைவ் வேகமாக ஓட, நீண்ட நாள் உழைக்க, சில செட்டிங்ஸ் மாற்ற வேண்டுமாம். மாமனார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன மாப்பிள்ளை கவலை?"

முடியாது என்று சொன்னால் இந்த வீட்டில் இருக்கிற மரியாதை போய்விடும். போனில் தேடி ஒரு பட்டியலைப் பிடித்தார். தேடலை அணை, உறக்கநிலையை அணை, சிதறிய ஃபைல்களை அடுக்கி வைக்கும் டிஃபிராக்மென்ட்டை அணை என்று எல்லாமே அணைக்கிற வேலையாக இருந்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. அணைக்கத் தெரியாதவர் யார்?

ஆனால் இவர் அணைக்க அணைக்க அது ஆன் ஆனது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் உறக்கநிலை ஆன். போன் பேசிவிட்டு வந்தால் டிஃபிராக்மென்ட் ஆன். வைரஸாக இருக்குமோ என்று வைரஸ் விரட்டி ஒன்றைப் போட்டார். இருபது நொடியில் கிளம்பிய கம்ப்யூட்டர் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு வைரஸ் விரட்டியைப் போட்டார். ஐந்து நிமிஷம் ஆனது.

மாமனார் வந்து எட்டிப் பார்த்து, எப்படிப் போகிறது என்று விசாரித்தார். கிட்டத்தட்ட முடிந்தது என்றார் இவர். மாமனார் ஏதோ சொல்ல வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டியலின் கடைசி வரி, கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஒரு பட்டனை அமுக்கினால் வரும் ஆரம்ப செட்டிங்ஸ் திரைக்குள் நுழைந்து டிரைவ் எந்த முறையில் இணைந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. பார்த்தார். சரியாகவே இருந்தது. எதையும் தொடாமல், சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று கை கழுவப் போனார்.

திரும்பி வந்தால் கறுப்புத் திரை. எத்தனை தடவை அமுக்கினாலும் கறுப்புத் திரைதான். தான் தொடாதது எப்படிக் கெட்டது என்று அவருக்கு விளங்கவே இல்லை. இனி மறைத்துப் பயனில்லை என்பது மட்டும் விளங்கியது. நேரே சாப்பாட்டு மேஜைக்குப் போய் நின்றார்.

"மாமா, எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் கிடங்குல பெட்டி ஏத்தி அனுப்புறவன். உங்க கம்ப்யூட்டரை நான்தான் கெடுத்துட்டேன்."

மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மாமியார்தான் கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க ஒண்ணும் கெடுக்கலை மாப்பிள்ளை. நீங்க செய்யறது தப்புன்னு இவரோட போன்ல போட்டிருந்துதாம். மாப்பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு, நீங்க எழுந்து போறப்பல்லாம், இப்ப கை கழுவப் போனப்பவும், இவரே போய் உக்காந்து மாத்தி வெச்சுட்டு வந்தார்."