நாமேக்காரர்

‘நாமே’ என்று வாயைத் திறக்குமுன் அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்வார். கூட்டங்களில் பல வருடங்களாகப் பார்க்கிறேன். தேநீர்த் தட்டோடு நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒதுங்கிப் போகிறவள் கண்ணில் இது படாமல் இருக்குமா?

இந்த இனத்துக்கு நாமேக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இவரைத் தெரியும். வீட்டில் குழாய் ஒழுகினால் “ஆள் எதுக்கு, நாமே பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அந்தக் குழாய் எந்தக் காலத்தில் யார் செய்தது, இந்தக் காலத்துக் குழாய்கள் ஏன் உதவாது என்றெல்லாம் விளக்கிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுவார். வாளி வைப்பது மனைவி. ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்து என்பது இலக்கணம். இவர் இலக்கணத்தில் சொல்பவர் நீங்கலாக.

நான் தேநீர் கொடுக்கும் பூச்சி ஆய்வாளர் சங்கத்துக்கு ஒரு விக்கி வேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்துகிற இணையப் பக்கங்கள். அதிகம் அவசரப்பட்டது பூச்சியம்மா. ஓய்வுபெற்ற பேராசிரியை. அவர் சேர்த்த பூச்சிப் பெட்டிகளின் லேபிள்களில் எழுத்து மங்கிவிட்டது. அவருக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

“என் கையெழுத்து எனக்காவது புரியுறப்பவே ஏத்திடணும்பா.”

கணினி தெரிந்த உறுப்பினர் ஒருத்தி சொன்னாள்: “வெளி நிறுவனத்தோட கணினியில வாடகைக்கு இடம் எடுத்துட்டா நாளைக்கே எழுத ஆரம்பிக்கலாம்மா. பராமரிப்பு அவங்க பாடு.”

நாற்காலி நகர்ந்தது.

“வாடகை வீட்ல ஒரு ஆணி அடிக்க விடுவானா? நாளைக்கு அவன் கடையை மூடிட்டா நம்ம உழைப்பெல்லாம் தெருவுல. சொந்தமா ஒரு சர்வர் கணினி வாங்கி நாமே நடத்திக்கலாம்.”

சொன்னதில் தப்பு உண்டா? கிடையாது. இந்த இனம் தப்பாக எதுவும் சொல்லாது. அதுதான் தொல்லை.

“யாரு சார் பார்த்துப்பாங்க?”

“நாமதான்.”

“நாமன்னா?”

“எல்லாரும்தாம்மா.”

சர்வர் வந்தது. கைதட்டினார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். பூச்சியம்மா முதல் பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள் வண்ணத்துப்பூச்சிப் பக்கத்தில் வழுக்கைக்கு மருந்து விளம்பரம் முளைத்தது. வண்டுப் பக்கத்தில் கடன் தருகிறவர்கள் குடியேறினார்கள். விரட்டலாம் என்றால் நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும்.

“அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றார் நாமேக்காரர்.

ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் சர்வரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்கள். அதற்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண் வெளி நிறுவனப் பேச்சை மறுபடி எடுத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

“தம்பி,” என்றார் பூச்சியம்மா, “நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுட்டுச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “அவசரப்பட வேண்டாம்மா. இதை முடிவு பண்ண நாமே ஒரு குழு போட்டுடலாம்.”

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக நீங்கள் ‘நாமே பார்த்துக்கலாம்’ என்று சொன்னபோது உங்கள் நாற்காலி எந்தப் பக்கம் நகர்ந்தது?

குழு இன்னும் கூடவில்லை. சர்வர் மேசைக்கடியில் இருக்கிறது. அதன்மேல் தேநீர்த் தட்டை வைக்கிறேன். பூச்சியம்மா பூதக்கண்ணாடியோடு வருகிறார். நேற்று ஒரு பெட்டியை என்னிடம் நீட்டி, “இதுல என்ன எழுதியிருக்கேன்னு பாரும்மா” என்றார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.