பேனரின் வலது முனை

மனித வரலாற்றில் உருப்படியாக நடந்த பயணங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, வேதாகமத்தில் ஒரு பெரிய ஜனக்கூட்டம் கடலைக் கடந்து நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தது. இரண்டாவது, ஆண்டவர் நடந்த தேசத்துக்கு எங்கள் சபை போன புனிதப் பயணம். முதல் பயணத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அவர்களுடைய தலைவரிடம் கோல் இருந்தது, மைக் இல்லை. முன்னால் மேகம் போனது, கமிட்டி போகவில்லை. அவ்வளவு தாமதமானதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அதே வேலையை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, கடைவீதிக்கும் ஒரு மாலை ஒதுக்கியிருந்தோம்.

எங்கள் பயணக் கமிட்டியின் செயலாளர் அடியேன்தான். வார நாட்களில் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் உட்காருகிறேன். செத்தவர்களின் உறவினரையே வரிசையில் நிற்கவைத்துப் பழகியவனுக்குச் சபையாரை நிற்கவைப்பது ஒரு வேலையா?

தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தோளில் ஒரு சின்ன ஒலிபெருக்கி தொங்கும், கையில் மைக் இருக்கும். அதனால் 'மைக் ஐயா'. குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவைப்பார் என்று நம்புகிறோம். அவருக்கு அடுத்த அறையில் தங்கியவர்கள் அதையும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறருக்கும் பயன்படும். எந்தப் புனிதத் தலமானாலும் ஒரே நிகழ்ச்சி நிரல்தான். பேனர் பிடித்தல், குழுப்படம், வரவேற்புரை, வாழ்த்துரை, ஊரிலிருப்பவர்களுக்கு நேரலை, நன்றியுரை. கடைசியாக, ஜெபம் (நேரமிருப்பின்). பேனரில் கமிட்டியார் அத்தனை பேருடைய படமும் பளிச்சென்று இருக்கும். ஆண்டவர் படமும் உண்டு. கமிட்டியில் இல்லாதவர் என்பதால் மூலையில் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருந்தோம்.

இனி அண்ணியைப் பற்றி. என் அண்ணனின் மனைவி. பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்த என் அண்ணன் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் சபை அண்ணிக்கு அளித்த ஆறுதல் இருக்கிறதே, அது எழுத்தில் அடங்காது. காலையில் ஒரு குழு வரும், சாயங்காலம் ஒரு குழு வரும். அண்ணி வாயைத் திறந்தால் போதும், ஒரு வசனம் தயாராக இருக்கும். அதை மீறித் திறந்தால் ஒரு பாட்டு. ஒரு வருஷம் முழுக்க அவர் ஒரு வாக்கியத்தைக்கூடச் சொல்லி முடிக்கிற சிரமம் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம்.

பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி நான் கடைக்குப் போனபோது அண்ணி ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வர்றேன் தம்பி. ஆனா நான் கும்பிட வரல. சண்டை போட வர்றேன்."

"யாரோட அண்ணி?"

"வேற யாரோட?" ஊசியால் மேலே காட்டினார். "அவர் எழுந்து போன கல்லறை இருக்காமே, அங்க என்னை அரை மணி நேரம் தனியா விட்டுருங்க. நீர் மட்டும் மூணாம் நாள் எழுந்து போயிட்டீரே, என் மனுஷன் என்ன பாவம் பண்ணாருன்னு கேக்கணும். பாட்டுக் குழுவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இதைக் கேக்க முடியுமா?"

அவர் எனக்கும் அண்ணன்தானே. "ஆவன செய்கிறேன் அண்ணி" என்றேன். அலுவலகத்தில் தினமும் சொல்கிற வார்த்தை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணி அதை நம்பினார். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை.

அண்ணியின் கோரிக்கையைக் கமிட்டி 'கனிவுடன் பரிசீலித்தது'. கணவனை இழந்த சகோதரியை வெளிநாட்டில் தனியாக விட்டால் சபையின் பெயர் என்னாவது என்று மைக் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. எனவே, பயணம் முழுவதும் அண்ணியை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவர் மனம் வாடாமலிருக்கக் கூடுதலாக ஒரு கௌரவமும் அளித்தோம். எல்லாத் தலங்களிலும் பேனரின் வலது முனையைப் பிடிக்கும் பொறுப்பு அண்ணிக்கே.

முதலில் ஏரி. படகில் ஏறியதும் பாட்டு முதலில் வருமா படம் முதலில் வருமா என்று ஒரு விவாதம் எழுந்தது. அது நடுத்தண்ணீர் வரை நீடித்தது. அந்த இடைவெளியில் அண்ணி பேனரை என் கையில் திணித்துவிட்டுப் படகின் பின்பக்கம் போனார். தண்ணீரைப் பார்த்துக் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைக் ஐயா பார்த்துவிட்டார். சிஸ்டர் மனமுடைந்து நிற்கிறார் என்று மைக்கில் அறிவித்தார். அவ்வளவுதான், படகே பின்பக்கம் திரண்டது. எல்லாரும் அண்ணியைச் சுற்றி நின்று நாலு குரலில் பாடினோம். படகு ஒரு பக்கம் சாய்ந்து, படகோட்டி கத்திய பிறகுதான் எங்கள் அன்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

அடுத்து மலை. அங்கே அண்ணி ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தை முறைத்தார். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. படம் எடுக்க எங்களோடு வந்த ஸ்டுடியோக்காரர் விட்டாரா? சபை நாட்காட்டிக்கு ஒரு படம் வேண்டும் என்று பின்னாலேயே போய்விட்டார். "அப்படியே இருங்க சிஸ்டர். கோவம் வேண்டாம், ஏக்கம் மட்டும் போதும். கையை இடுப்புலருந்து எடுத்து மேல தூக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தார். படம் அருமையாக வந்திருக்கிறது. ஏக்கம் கொஞ்சம் குறைச்சல்தான்.

பிறகு ஒரு தோட்டம். அங்கே அமைதியாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டதால், கமிட்டி தாராள மனதோடு ஒரு 'மௌன வேளை' அளித்தது. அந்த நேரம் முழுவதும் மைக் ஐயா, மௌனமாக இருப்பது எப்படி என்று மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணி என்னைப் பார்த்தார். "தம்பி, கல்லறையிலயாவது விடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. ஆவன செய்வதாகச் சொன்னேன்.

கல்லறைக்குப் போனது கடைசி நாள். வாசலில் காவலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். உள்ளே பேனர் கூடாது, மைக் கூடாது. மைக் ஐயாவின் முகம் இருண்டுவிட்டது. அப்படியொரு நிபந்தனையோடு உள்ளே போவதால் சபைக்கு என்ன லாபம் என்று வாசலிலேயே கமிட்டி கூடியது. வழிகாட்டி கெஞ்சினார். கடைசியில் எங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனோம்.

கையில் பேனரும் இல்லாமல், காதில் மைக்கும் இல்லாமல், ஒரு புனிதத் தலத்தில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லறைக் குகைக்குள் எட்டிப் பார்த்தோம். காலியாக இருந்தது. அதுதான் விசேஷமே என்று வழிகாட்டி எவ்வளவோ விளக்கினார். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்து ஒன்றுமில்லையே என்று சிலருக்கு மனக்குறைதான். சட்டுப்புட்டென்று வெளியே வந்து பஸ்ஸில் ஏறினோம். அந்த ஒரு இடத்தில்தான் அண்ணியின் கையில் பேனர் இல்லை. அவர் குகைக்குள் நுழைந்ததை நான் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்த்தேனா என்று யோசிப்பதற்குள் மைக் ஐயாவுக்கு மைக் திரும்பக் கிடைத்துவிட்டது.

இங்கே எங்கள் சபையின் ஒரு நற்பழக்கத்தைச் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் எதைக் கேட்டாலும் நாங்கள் 'ஆமென்' என்போம். கேள்வி காதில் விழுந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, குரல் ஏறி இறங்கினால் போதும். சபைத் தண்ணீர்த்தொட்டியைக் கழுவியாச்சா என்ற கேள்விக்கு இப்படி ஆமென் சொல்லியே பல மாதம் ஓட்டியிருக்கிறோம்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் மைக் ஐயா.

"ஆமென்."

"பக்கத்து சீட்டுல ஆள் இருக்காங்களா?"

"ஆமென்." அண்ணியின் பக்கத்து சீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உருக்கமாகச் சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது.

ஊரின் மறுகோடியில் ஒரு மேட்டில், ஊர் முழுவதும் பின்னால் தெரியும்படி நிறைவு விழாக் குழுப்படம். பேனரை விரித்தோம். இடது முனை ஜம்மென்று நின்றது. வலது முனை தொங்கியது. செயலாளர் முகம் மடிப்புக்குள் போய்விட்டது, அதாவது என் முகம். ஸ்டுடியோக்காரர் கேமராவை இறக்கி, வலது பக்கம் யார் என்று கேட்டார். அண்ணி இல்லை என்பதைக் கமிட்டி கண்டுபிடிக்கவில்லை, பேனர் கண்டுபிடித்தது.

மொழி தெரியாத ஊர். அண்ணி கையில் போனும் இல்லை, கைப்பையை பஸ்ஸிலேயே விட்டுப் போயிருந்தார். உடனே திரும்புங்கள் என்று டிரைவரிடம் ஓடினேன். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. முதலில் ஆழ்ந்த கவலை தெரிவித்து ஒரு தீர்மானம். பிறகு, காணாமல் போனது கமிட்டியின் பொறுப்பா, காணாமல் போனவரின் பொறுப்பா என்று ஒரு விவாதம். அதற்கப்புறம், இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்பதால், வலது முனையை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு பஸ் திரும்பியது.

வாசல் பக்கத்திலேயே ஒரு கல்பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். காவலாளி கொடுத்த தண்ணீர் பாட்டில் மடியில் இருந்தது. கண் வீங்கி, மூக்கு சிவந்து, முகம் மட்டும் மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. காவலாளி வழிகாட்டியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். இந்த அம்மா ரொம்ப நேரம் யாரையோ திட்டித் தீர்த்தார்கள், கையில் போன் இல்லையே, அந்தப் பக்கம் யார் என்று கேட்கிறானாம்.

"பயந்துட்டீங்களா அண்ணி?"

"ஆமா தம்பி." குரல் கட்டிப்போயிருந்தது. "பாதியில நீங்கல்லாம் திரும்பி வந்துருவீங்களோன்னு பயந்துட்டேன்."

அதற்குள் மைக் ஐயா வந்துவிட்டார். வாசலுக்கு வெளியே மைக்குக்குத் தடையில்லை. நேரலையைத் தொடங்கச் சொல்லி, காணாமல் போன ஆடு கிடைத்துவிட்டது என்று ஊருக்கு அறிவித்தார். மேய்ப்பர் யார் என்று அவர் வாயால் சொல்லவில்லை, கேமராவைத் தன் பக்கம் திருப்பச் சொன்னதோடு சரி. பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, ஆண்டவர் என்ன பதில் கொடுத்தார் என்று சபைக்குச் சொல்லும்படி கேட்டு, அண்ணியின் வாயருகே மைக்கை நீட்டினார்.

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரில் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பதில் ஒண்ணும் சொல்லல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. ஆனா நான் திட்டினேன், அழுதேன், என் மனுஷன் விழுந்த நிமிஷத்துலருந்து எல்லாத்தையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாரு. இந்த ஒரு வருஷத்துல, நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேட்டவரு அவர் ஒருத்தர்தான். நீங்கல்லாம்..."

"நீங்கல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்தீங்கன்னு சிஸ்டர் சொல்ல வர்றாங்க" என்று மைக் ஐயா மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செயலாளர் என்ற முறையில், கைதட்டலை நான்தான் தொடங்கி வைத்தேன்.