ஐவர் அணியின் நாற்பத்து நான்காவது வீரன்

மில்லிக்கன்,
புதன்கிழமை.

அன்பின் மைத்துனர் கிளிபோட்டுக்கு,

தேவமாதாவின் துணையால் நீயும் ஸ்டெபனியும் மகள் மெலிசாவும் பிறம்ரனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வலது முழங்காலையும் வீட்டுப் பேச்சுவார்த்தையையும் தவிர மற்ற எல்லாம் சுகம். ஒன்பது நாளாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. ஆகவே இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திய கையால் என் பிழையை நானே எழுதுகிறேன். முழுவதும் வாசி. வருகிற சனிக்கிழமை உன் அக்கா அருள்நாயகிக்கு எழுபது வயது. நீ வராவிட்டால் கேக் வெட்டுவதில்லை என்று சொல்லிவிட்டாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

நடந்தது இதுதான். நம் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலுக்குச் சீமெந்து போட்டு அறுபது வருடமாகிறது. பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை அதற்கு ஒரு மலர் வெளியிட முடிவு செய்தது. அதில் ‘எக்காலத்துக்கும் சிறந்த ஐவர்’ என்று ஒரு பக்கம். தலைவர் சச்சிதானந்தன் வீட்டுக்கே வந்துவிட்டார். “மாஸ்டர், அரைவாசிப் பேருக்கு நீங்கள் படிப்பிச்சனீங்கள், மிச்சப் பேரோட நீங்கள் படிச்சனீங்கள். தெரிவுக்குழுவுக்கு நீங்கள் தலைமை எண்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம்” என்றார். நானும் நம்பினேன். ஐந்து பெயர்தானே, ஒரு பின்னேரத்து வேலை என்று நினைத்தேன். அது ஏப்ரல் மாதம். இப்போது இலை உதிர்ந்து முடிந்துவிட்டது.

ஸ்ரீல்ஸ் வீதியில் உள்ள டோனட் கடையில் பதினொரு தடவை கூடினோம். ஒவ்வொருவரும் தாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த வருடங்களில்தான் உண்மையான கூடைப்பந்து நடந்தது என்று நினைக்கிறார்கள். அதற்கு முன் பயிற்சி, அதற்குப் பின் சீரழிவு. சச்சிதானந்தனுக்கு அறுபத்தாறாம் ஆண்டு அணியின் நடு ஆட்டக்காரர்தான் தெய்வம். சச்சிதானந்தன் சொல்லச் சொல்ல அவர் வளர்ந்தார்: ஏப்ரலில் ஆறடி உயரம் இருந்தார். ஜூனில் ஆறடி மூன்று அங்குலம். செப்ரெம்பரில் அவர் துள்ளாமலே வளையத்தைத் தொட்டார். பிள்ளைகள் வளர்வதைப் பார்த்திருக்கிறேன், எழுபத்தெட்டு வயதில் ஒருவர் இந்த வேகத்தில் வளர்வதை இப்போதுதான் பார்க்கிறேன். மறு பக்கத்தில் றொய்சன். தொண்ணூறுகளில் விளையாடியவன், இப்போது உங்கள் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவன் சொன்னான்: “அங்கிள், உங்கட ஆக்கள் சப்பாத்துப் போட்டு விளையாடினவை. எங்கட காலத்தில பந்துக்கே சைக்கிள் ரியூப் ஒட்டுத்தான். வளையத்தில வலை இல்லை. பந்து உள்ளுக்க போனதோ வெளியால போனதோ எண்டு அடிபட்டு முடிக்கவே அரை மணித்தியாலம்.” அதற்குச் சச்சிதானந்தன், “அப்ப பாதிப் புள்ளி அடிபட்டு எடுத்தது எண்டு ஒத்துக்கொள்ளுறீர்” என்றார். நான் இருவருக்கும் இன்னொரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். தலைமை என்றால் இதுதான் என்று அன்று விளங்கியது.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, கிளிபோட். அதுதான் தொல்லை. யாராவது ஒரு பெயரைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வராது. “பாவம், சேர்ப்பம்” என்பார்கள். ஐந்து எட்டானது, ஏனென்றால் ஓர் அணிக்கு மாற்று ஆட்டக்காரர் வேண்டும். எட்டு முப்பதானது, ஏனென்றால் ஒரு பத்தாண்டுக்கு ஐந்து பேர் என்பதுதான் நியாயம் என்று றொய்சன் கணக்குக் காட்டினான். அவனுக்கு நான் படிப்பித்த கணக்குத்தான். ஓர் ஐவர் அணியில் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். உதாரணமாக, முக்கோணத்துக்கு நாலாவது பக்கம் வைக்க முடியாதே என்றேன். “மாஸ்டர், இது கணக்கில்லை, ஆக்களின்ர மனசு” என்றார் சச்சிதானந்தன். அதன் பிறகு மார்க்கம் நகரிலிருந்து ஒரு தாயார், தொண்ணூற்றிரண்டு வயது, தன் மகனுக்காக எனக்கு மூன்று தடவை அழைப்பு எடுத்தார். அவன் சேர்ந்தான். இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தவர் சேர்ந்தார். பந்து மதிலுக்கு வெளியே போகும்போது எடுத்து எறிந்த பக்கத்து வீட்டுக்காரர், அவர் நம் பள்ளிக்கூடமே இல்லை, அவரும் சேர்ந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று. தலைப்பு மட்டும் ‘சிறந்த ஐவர்’ என்றே இருக்கிறது, ஏனென்றால் அதற்கு அழகான எழுத்தில் படம் போட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த நாற்பத்து மூன்றில் நீ இல்லை.

எப்படி என்று கேட்பாய். நான் தலைமையில் இருந்துகொண்டு சொந்த மைத்துனரின் பெயரைச் சொன்னால், மாஸ்டர் தன் ஆளைச் செருகுகிறார் என்பார்கள். ஆகவே வேறு யாராவது சொல்லட்டும் என்று பதினொரு கூட்டமும் காத்திருந்தேன். பட்டியல் நானூற்றுச் சொச்சம் பேருக்கு வாட்ஸ்அப்பில் போன பிறகுதான் சச்சிதானந்தனிடம் வாய் விட்டுக் கேட்டேன். “என்ன மாஸ்டர் கதைக்கிறியள், கிளிபோட் உங்கட மச்சான் எல்லோ? நீங்கள் எப்பிடியும் போடுவியள் எண்டுதான் நாங்கள் சும்மா இருந்தனாங்கள்” என்றார். றொய்சனும் அதையே சொன்னான். அவர்கள் என் கையைப் பார்த்திருந்தார்கள், நான் அவர்கள் வாயைப் பார்த்திருந்தேன். தோடம்பழம் வெட்டியவருக்கு மைத்துனர் யாரும் குழுவில் இல்லை, அதனால் அவர் பிழைத்துக்கொண்டார்.

அருள்நாயகி வடை சுட்டுக்கொண்டு நின்றபோது அந்தப் பட்டியல் அவளுடைய கைபேசிக்கும் வந்தது. கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தாள். அடுப்பை அணைத்தாள். “நாப்பத்திமூண்டு பேர் இருக்கினம். என்ர தம்பி எங்கை?” என்றாள். நான் முறை, நேர்மை என்று விளக்கத் தொடங்கினேன். “பந்து பொறுக்கினவருக்கு இடமிருக்கு. உங்கட நேர்மை என்ர தம்பியில மட்டும்தான் வேலை செய்யுமோ?” என்றாள். அதுதான் கடைசியாக என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வசனம். இப்போது தேநீர் மேசைக்கு வருகிறது, வடிவாகவே வருகிறது, ஆனால் மேசைக்குத்தான் வருகிறது, எனக்கு வரவில்லை.

போன சனிக்கிழமை உன்னிடம் நேரே வந்தேன். நெடுஞ்சாலையில் கார் ஓட்ட இப்போது கண் விடாது, ஆகவே மூன்று பஸ் மாறி, இரண்டே முக்கால் மணித்தியாலம், மடியில் மட்டன் ரோல் பெட்டியோடு. கதவு மணியை அழுத்தினேன். மாடியில் திரைச்சீலை கொஞ்சம் அசைந்தது. ஒருவரும் வரவில்லை. உங்கள் மணியில் கமரா இருப்பது நினைவு வந்து, அதற்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் நான் தனியே பேசுவதைப் பார்த்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் தந்தார். இந்த ஒன்பது நாளில் என் முகத்தைப் பார்த்துத் தேநீர் தந்தவர் அவர் ஒருவர்தான். ரோல் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அணில் ஒன்று மூடியைத் திறந்துகொண்டிருந்தது.

கிளிபோட், எழுபத்தாறாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் கரும்பலகையில் புள்ளி எழுதியது நான். ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. அதில் இருபத்தொன்பது உன்னுடையது. உன் இடது சப்பாத்தின் அடி கழன்று, சணல் கயிற்றால் கட்டியிருந்தாய். கடைசி இரண்டு இலவச எறியும் நீதான். பந்தை மூன்று தடவை தட்டி, மூக்கைத் துடைத்து, எங்கோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல எறிந்தாய். நான் எழுதிய ஐம்பத்தொன்று கோணலாக விழுந்தது. பிறகு எத்தனையோ பேருக்குப் புள்ளி எழுதினேன், ஒன்றும் கோணவில்லை. இதைப் பதினொரு கூட்டத்தில் ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்க வேண்டும். உலகம் என்ன சொல்லும் என்று பயந்து ஒருவன் வாய் மூடியிருந்தால், அதற்கு நேர்மை என்ற பெயர் பொருந்தாது. இதை நான் எழுபத்தைந்து வயதில் படிக்கிறேன்.

ஆகவே பொறுக்க முடியாமல், திங்கட்கிழமை ஒருவரிடமும் கேட்காமல் அச்சகத்துக்குப் போய், ஓடவிருந்த பக்கத்தை நிறுத்தினேன். நாற்பத்து நான்காவதாக உன் பெயரைச் சேர்த்தேன். சேர்த்ததோடு நிற்கவில்லை. பெயரை மேலே ஏற்றி, ‘அணித்தலைவர்’ என்று போட்டு, உன் கலியாணப் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி அரைப் பக்கத்துக்குப் பெருப்பித்தேன். இன்று காலை அறுநூறு பிரதியும் வந்து எங்கள் கராஜில் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு வெளியீட்டு விழா. இனி நீ கோபமாயிருக்க ஒரு காரணமும் இல்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வா. அக்கா பேசாமல் இருப்பது பெரிதில்லை, அவள் ஒருவரும் பார்க்காத நேரம் உன் எண்ணை அழுத்தி, நீ எடுக்க முன் தானே வைத்துவிடுகிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை. நான் களைத்துப்போனேன்.

இந்த முறை உன் வாசலுக்கு நல்ல செய்தி முதலில் வரட்டும், பனி ஆறுதலாகப் பிறகு வரட்டும். ஸ்டெபனியின் இடுப்பு வலிக்கும் மெலிசாவின் புது வேலைக்கும் எங்கள் செபத்தில் இடமுண்டு. கடிதத்தை நாளை றொய்சன் வேலைக்குப் போகும்போது உன் பெட்டியில் போடுவான்.

உன் அத்தான்,
அ. செல்வரட்ணம்

பிற்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மெலிசா அழைப்பு எடுத்தாள். உறையைக் கிழித்துவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாமா, டாட் உங்களோட கோவமே இல்லை. ஹி இஸ் சோ ஹாப்பி. பந்து பொறுக்கினவரும் இருக்கிற நாப்பத்திமூண்டு பேருக்குள்ள இல்லாத ஒரே ஆள் நான்தான், என்ர அத்தான் ஒராள்தான் என்ர மானத்தைக் காப்பாத்தினவர் எண்டு பிறம்ரன் முழுக்கச் சொல்லித் திரியிறார். உங்கட கோலை எடுத்தால் பேரைச் சேர்க்கவோ எண்டு கேப்பியள் எண்ட பயத்திலதான் ஒளிச்சிருக்கிறார். சனிக்கிழமை கட்டாயம் வாறார், ஸ்பீச் எல்லாம் எழுதி வைச்சிருக்கிறார்.”

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. நீ சனிக்கிழமை பன்னிரண்டுக்கு வராதே, எட்டரைக்கு வா. அறுநூறு பிரதி, மூன்று பேர், ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் நூறு நிமிடம், உன் படம் பெரிது என்பதால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள். அருள்நாயகி கறுப்பு மார்க்கர் பேனை எட்டு வாங்கி வந்து, என் முகத்தைப் பார்த்தே, “உங்களுக்கு ரெண்டு” என்று தந்தாள். எல்லாப் பிரதியிலும் உன் பெயரையும் படத்தையும் கறுப்படித்து அழிப்போம். ஒரு பிரதியை மட்டும் அழிக்காமல் எனக்கு விடு.